லெரூனி என்றால் என்ன?

ஒரே ஒரு பெயர் குறைந்தது.

மூன்றாம் பதிப்பின் அட்டைகள், 'ஐயாயிரம் பெண் பெயர்கள்: மொழி, வேர், பொருள்' என்று கொட்டை எழுத்தில் அடித்து, கட்டுக் கட்டாக வந்து இறங்கி மூன்று நாளாகிவிட்டது. உள்ளே இருந்ததோ நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. 'ஒளியும் இருளும்' என்ற அத்தியாயத்தில் லூசியா இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு இடத்திலும் லத்தீன் மொழி, இரண்டு இடத்திலும் வெளிச்சம் என்று பொருள்.

அதைக் கண்டுபிடித்தவர் பதிப்பகத்தின் பிழை திருத்துபவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'சந்தேகம்'. எதைப் படித்தாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடாமல் விடமாட்டார். ஒருமுறை தன் கல்யாணப் பத்திரிகையிலேயே மணமகன் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டவர் என்று ஒரு வதந்தி உண்டு. அதையும் அவர் சந்தேகப்பட்டாரே தவிர மறுக்கவில்லை.

"இப்ப என்ன சார் பண்றது? அச்சகத்துலேருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. பன்னெண்டு மணிக்குள்ள ஃபைல் போகலைன்னா மெஷினை வேற வேலைக்குக் கொடுத்துடுவாங்களாம்" என்றார், கணினியில் பக்கம் கட்டும் அக்கா.

மணி பதினொன்று நாற்பது.

"வேற பேரு ஒண்ணு போட்டுடலாம் அக்கா. இதென்ன பெரிய விஷயம்?"

"சரியா ரெண்டு வரி இருக்கணும். ஒரு வரி கூடினாலும் குறைஞ்சாலும் பின்னாடி இருக்கிற முந்நூறு பக்கமும் நகர்ந்துடும். அதோட, வெளிச்சம், இருட்டு, இந்த மாதிரி அர்த்தம்தான் வரணும். இது அந்த அத்தியாயம்."

"உஷா."

"இருக்கு."

"நூர்?"

"அரபு. இருக்கு."

"ஸ்வெத்லானா?"

"நாலாவது பக்கத்துல. நீங்கதானே சார் போன வாரம் அதுக்கு ஒரு கேள்விக்குறி போட்டீங்க."

"அரோரா? ரொக்ஸானா? சுடர்? நிஷா?"

"இருக்கு, இருக்கு, இருக்கு, இருக்கு."

சந்தேகம் தலையைப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் பெண் பெயர் வைத்த எல்லா மொழிக்காரர்களும் அவருக்கு முன்பாகவே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். போன் மறுபடி அடித்தது. காலியான இரண்டு வரிக்கு மேலே வெளிச்சம் என்று பொருள்படும் பெயர், கீழே லைலா, அரபு மொழி, இரவு. நடுவில் அந்தி வந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நின்றிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"லெரூனி" என்றார்.

"என்னது?"

"லெரூனி. அடிங்க அக்கா. தென்கடல் தீவு மொழி. 'லெ' என்றால் கரை, 'ரூனி' என்றால் திரும்புபவள். அந்தி நேரத்தில் கரை திரும்புபவள்."

அக்கா தலையைத் தூக்காமல் அடித்து முடித்தார். "கச்சிதமா ரெண்டு வரி சார்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஃபைல் போய்விட்டது.

இருபத்திரண்டு வருட வேலையில் சந்தேகம் சொன்ன முதல் பொய் அது. ஐயாயிரம் பெயரில் ஒன்றை எவன் பார்க்கப்போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பத்தாவது நாள், புதன்கிழமை காலையில், முதலாளி புத்தகத்தை விரித்துப் பிடித்தபடியே உள்ளே வந்தார்.

"யோவ் சந்தேகம்! ஜெயிச்சுட்டோம்யா!"

முதலாளிக்கு ஒரே மகள். மகளுக்கு மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஐயாயிரம் பெயர் கொண்ட புத்தகத்தை மூன்று பதிப்பு போட்ட மனிதரின் பேத்தி 'குட்டி', 'பாப்பா', 'ஏய் இவளே' என்றுதான் வளர்ந்துகொண்டிருந்தாள். முதலாளி சொன்ன பெயர்களையெல்லாம் மகள் தள்ளிவிட்டாள். ஒன்று தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது, ஒன்று தன்னோடு படித்த கோள்மூட்டியின் பெயர், ஒன்றைக் கூப்பிட்டால் திட்டுகிற மாதிரி இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை பிறப்புப் பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுக்கக் கடைசி நாள்.

"நேத்து புதுப் புத்தகத்தைக் கொடுத்தேன். புரட்டிக்கிட்டே வந்தவ ஒரு இடத்துல நின்னுட்டா. 'அப்பா, இதுதான்'னுட்டா. இதோ பாரு, லெரூனி!"

சந்தேகம் எழுந்து புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"அதுவா முதலாளி... அது கொஞ்சம் பழைய பேரு."

"பழசுதான்யா வேணும்! நேத்து முளைச்ச பேரா வெப்பாங்க?"

இந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் புத்தகத்தின் பின்னட்டையில் முதலாளியின் புகைப்படத்துக்குக் கீழே ஒரு வாக்கியம் இருந்தது: 'வேர் இல்லாத ஒரே ஒரு பெயரை இதில் காட்டினால் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன்.' முதலாளி தொழிலை விடுவதற்கு முன்னால் வேறு யாரை வேலையை விடச் சொல்வார் என்பதில் சந்தேகத்துக்குச் சந்தேகமே இல்லை.

எனவே அவர் வேறு வழி பார்த்தார்.

"வேற ஒண்ணுமில்லை முதலாளி. அந்த மொழியிலேயே அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. இடம் போதலைன்னு போடாம விட்டேன். கரைக்கு நேரத்தோட வராம... தாமதமா வர்றவள்னு ஒரு அர்த்தம். குழந்தைக்கு அப்படி ஒரு பேரு எதுக்கு?"

முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது.

"தாமதமா வர்றவளா?"

"ஆமா முதலாளி."

"பத்து நாள்யா! டாக்டர் குறிச்ச தேதிக்குப் பத்து நாள் கழிச்சுப் பொறந்தவய்யா அவ! எப்படிய்யா இவ்வளவு பொருத்தமா ஒரு பேரு?" என்று அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். போனுக்குள்ளிருந்து கேட்ட சந்தோஷக் கூச்சல் அலுவலகம் முழுக்கக் கேட்டது.

சந்தேகம் நாற்காலியில் சரிந்தார். பக்கம் கட்டும் அக்கா அவர் மேசையில் ஒரு டீயை வைத்துவிட்டு, "குடிங்க சார், ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் அவர் அடுத்த வழியைக் கண்டுபிடித்துவிட்டார். மொழியியல் பேராசிரியர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், நாக்குக்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர். அவர் 'அப்படி ஒரு பெயரே கிடையாது' என்று சொல்லிவிட்டால் பழி வேறு யார் மேலோ போய்விடும். எங்கோ யாரோ தப்பாக எழுதியதைத் தானும் நம்பி ஏமாந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"எதுக்கும் ஒரு அறிஞர்கிட்ட கேட்டுடலாமே முதலாளி. நம்ம வீட்டுக் குழந்தை பாருங்க."

"இதுக்குத்தான்யா உன்னை வெச்சிருக்கேன்" என்று முதலாளி அவர் முதுகில் தட்டி, அப்போதே பேராசிரியர் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

சந்தேகம் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் நாற்பது வருடமாக வகுப்பு எடுத்தவர். அந்த நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட 'தெரியாது' என்று சொன்னதில்லை.

"லெரூனி..." என்று பேராசிரியர் கண்களை மூடிக்கொண்டார். "தென்கடல் தீவு மொழி. அதில் மூன்று கிளை உண்டு. இது கிழக்குக் கிளை."

சந்தேகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்படி ஒரு மொழியே இல்லைன்னு சில பேர்..."

"யார் சொன்னது? படிக்காதவங்க சொல்வாங்க. ஆனா உங்க புத்தகத்துல ஒரு தப்பு இருக்கு. 'ரூனி'ன்னா திரும்புறவ இல்லை. திரும்பிப் பார்க்குறவ."

இங்கேதான் சந்தேகத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பிறர் தப்பைத் திருத்தியவரிடம், அவர் வாயிலிருந்து பிறந்த வார்த்தைக்கே ஒருவர் அர்த்தம் திருத்துகிறார். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லீங்கய்யா. திரும்புறவதான்."

"பார்க்குறவ!"

"எனக்குத் தெரியாதா? ரூனின்னா திரும்புறவ. சத்தியம் பண்ணிச் சொல்வேன்!"

"தம்பி, நான் அந்த மொழியில இலக்கணமே படிச்சிருக்கேன்!"

அரை மணி நேரம் நடந்தது சண்டை. பேராசிரியர் வேர்ச்சொல் ஒன்றைக் கொண்டுவந்தார். சந்தேகம் அதற்கு மறுப்பாக உடனே இன்னொரு வேர்ச்சொல்லை உண்டாக்கினார். பேராசிரியர் அந்தப் புதுச் சொல்லையும் ஏற்கெனவே அறிந்திருந்தார். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கண் கலங்கினார்.

திரும்பும் வழியில், "ரெண்டு அறிஞருங்க ஒரு பேருக்காக இப்படி அடிச்சுக்கிறாங்கன்னா அது எவ்வளவு பெரிய பேரா இருக்கணும்யா!" என்றார்.

அடுத்த நாள் முதலாளியின் மருமகன் வந்தார். எதையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் திருப்திப்படும் ரகம். "குழந்தைக்கு ஒரு வயசு ஆனதும் அந்தத் தீவுக்கே கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். எந்தத் தீவு சார்? டிக்கெட் இப்பவே பார்த்துட்டா நல்லது" என்றார், கையில் போனோடு.

சந்தேகத்துக்கு யோசிக்கக்கூட நேரமில்லை.

"அந்தத் தீவு இப்ப இல்லைங்க."

"இல்லைன்னா?"

"கடல் கொண்டுபோயிடுச்சு."

"ஐயோ! ஆளுங்க?"

"ஆளுங்க தப்பிச்சுட்டாங்க" என்றார் சந்தேகம் அவசரமாக. பொய்யிலும் அவருக்கு உயிர்ப்பலி பிடிக்கவில்லை. "வேற வேற ஊருக்குப் போய் அங்கங்கே கலந்துட்டாங்க. மொழி போயிடுச்சு."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "அப்ப அந்த மொழியில மிச்சம் இருக்கிறது இந்த ஒரு பேருதானா?"

அவ்வளவுதான். அதுவரை பிடித்த பெயராக இருந்தது இப்போது கடமையாகிவிட்டது. அழிந்துபோன ஒரு மக்களின் கடைசிச் சொல்லைத் தன் பேத்தி சுமக்கப்போகிறாள் என்று முதலாளி அச்சகத்துக்காரரிடம் சொன்னார், காகிதம் கொண்டுவந்த வண்டிக்காரரிடம் சொன்னார், எண் தவறி வந்த போனிலும் சொன்னார். தீவைப் பற்றி ஐந்து பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சந்தேகத்திடமே கேட்டார். பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை. சந்தேகம் வீட்டில் அந்தக் கட்டுரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். 'அத்தீவின் மக்கள்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடவில்லை. வாசலில் அவருடைய ஒன்பது வயது மகள், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சிறுமியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"என் பேரு சும்மா பேரு இல்லை. பனிமலை ஜனங்களோட மொழி. விடியறதுக்கு முன்னாடி எழுந்தவள்னு அர்த்தம். எங்கப்பாதான் கண்டுபிடிச்சு வெச்சாரு."

"நீ விடியறதுக்கு முன்னாடி எழுந்துடுவியா?"

"எட்டு மணிக்கு எழுந்திருப்பேன். ஆனா பேருக்கு அதுதான் அர்த்தம்."

அந்தக் குரலில் இருந்த பெருமை சந்தேகத்தைக் குத்தியது. முதலாளியின் பேத்திக்கும் நாளை ஒன்பது வயதாகும். அவளும் ஒரு வாசலில் நின்று யாரோ ஒரு சிறுமியிடம் தீவு, கடல், கரை என்று பெருமையடிப்பாள். அத்தனையும், மெஷின் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் ஒரு ஆள் இருபது நிமிடத்தில் உளறியது. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி முதலில் சிரித்தாள். அப்புறம் மறுபடியும் சிரித்தாள். கடைசியில், "நாளைக்குப் பதிவு பண்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்றாள்.

"வேலை போயிடும்."

"போனா போகட்டும். நம்ம பொண்ணுக்கு எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா நீங்க சும்மா விடுவீங்களா?"

"தொலைச்சுடுவேன்!"

"அப்பப் போய்ச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை முதலாளியின் அறை நிறைந்திருந்தது. பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பத் தயாராக மகளும் மருமகனும் குழந்தையோடு வந்திருந்தார்கள். பக்கம் கட்டும் அக்கா, பதிவுப் படிவத்தை அச்சடித்து எடுத்துவந்து மேசையோரம் நின்றிருந்தார். சந்தேகம் உள்ளே நுழைந்தார், கதவைச் சாத்தினார், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இரண்டு லூசியா, இருபது நிமிடம், இல்லாத தீவு, இல்லாத கடல்கோள், எல்லாவற்றையும்.

முதலாளியின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது.

"தீவு?"

"இல்லை முதலாளி."

"மொழி?"

"இல்லை."

"அப்ப அந்தப் பேராசிரியர்?"

"அவரு இருக்காரு. ஆனா அவருக்கும் ஒண்ணும் தெரியாது."

முதலாளி மேசையில் ஓங்கித் தட்டினார். "நம்ம புத்தகத்துல வேர் இல்லாத பேரா? என் பேத்திக்கா? யோவ், நீ..."

"அப்பா, கொஞ்சம் இருங்க" என்றாள் மகள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சந்தேகம் பதறினார். சிரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இங்க பாருங்க." குழந்தையை மேசைமேல் படுக்கவைத்து, எதிர்ப்பக்கம் போய் நின்று, மெதுவாகக் கூப்பிட்டாள். "லெரூனி."

குழந்தை தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தது.

"அஞ்சு நாளா இப்படித்தான் திரும்புறா. இனிமே நான் எப்படிண்ணா வேற பேரு வெப்பேன்? உலகத்துல வேற யாருக்கும் இல்லாத பேரு வேணும்னு மூணு மாசமா கேட்டுட்டு இருந்தேன். நீங்க செஞ்சே கொடுத்துட்டீங்க. தீவு இல்லைன்னா என்ன?"

"அது சரிம்மா, நாளைக்கு அவ கேட்டா வேர் என்னன்னு சொல்றது?" என்றார் முதலாளி, பாதிக் கோபத்தில்.

"இதோ நிக்குறாரே. கூப்பிட்டுக் காட்டுவேன்."

மருமகன் முதலில் கைதட்டினார். டிக்கெட் செலவு மிச்சம் என்ற சந்தோஷமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். முதலாளி புத்தகத்தைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கோபம் எங்கேயோ போய்விட்டது.

"தொலைஞ்சு போ. அடுத்த பதிப்புல 'மொழி: நம்ம ஆபீஸ்'னு போட்டுடு" என்றார். பிறகு சட்டென்று விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு சொல்லு சந்தேகம். என் போட்டோவுக்குக் கீழே ஒரு வாக்கியம் இருக்கு. இந்தப் புத்தகத்துல இட்டுக்கட்டின பேரு இது ஒண்ணுதானே? வேற இல்லையே?"

சந்தேகத்துக்கு ஐந்து நாள் பாரம் இறங்கியிருந்தது. நெஞ்சை நிமிர்த்தினார். "சத்தியமா இது ஒண்ணுதான் முதலாளி. மூணு பதிப்பையும் வரி வரியாப் பார்த்தவன் நான். மத்த ஒவ்வொரு பேருக்கும் என் தலையை அடமானம் வெப்பேன்."

மேசையோரம் நின்றிருந்த அக்கா, படிவத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கனைத்தார்.

"ரெண்டாம் பதிப்பு அப்போ, உங்க வீட்டுல பிரசவம்னு நீங்க லீவுல இருந்தீங்க சார், அப்பவும் ஒரு பேரு குறைஞ்சுதுன்னு பனிமலை ஜனங்க, விடியறதுக்கு முன்னாடி எழுந்தவள்னு நான்தான் ஒண்ணு எழுதிச் சேர்த்தேன், லீவு முடிஞ்சு வந்து, அதையே உங்க பொண்ணுக்கு வெச்சுட்டேன்னு நீங்க எனக்கே சாக்லேட் கொடுத்தீங்க."